திருப்பதிப் பல்கலைக்கழக அறிவியல் ஆய்வுகளின் பரப்பும் தமிழ் எழுத்தும்: ஒரு மதிப்பீடு

தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கட மலையைச் சுட்டுகிறது. அதனால் தமிழாய்வாளர் வேங்கடத்தைப் பற்றி எழுதும்போது எல்லை, சமயம் என்னும் இரு நிலைகளிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். அம்மலையின் அடிவாரத்தில் 1954ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் அதே மலையின் பாறையையும் மரத்தையும், அதன் மேல் வீசும் காற்றையும் எழுபது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. இவ்வாய்வுகளின் பரப்பு எத்தகையது, அதில் எப்பகுதி தமிழுக்கு வந்து சேர்ந்துள்ளது என்னும் வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

இவ்வினா தமிழ்த்துறைக்கு உரியதா என ஐயுறுவோர் சித்தூர் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தை நோக்க வேண்டும். 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை, நெல்லூர் ஆகிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைந்தது இம்மாவட்டம். 1960ஆம் ஆண்டு எல்லைச் சீரமைப்பில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர, சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. சித்தூருக்கும் வேலூருக்கும் இடைப்பட்ட குடிபாலா மண்டலத்து மக்களுக்குத் திருப்பதியைவிட வேலூரே அண்மையது. அங்கு வீட்டில் தமிழ் பேசும் உழவருக்கு ஆந்திர அரசின் வேளாண் செய்தி தெலுங்கில் வருகிறது. தமிழக அரசின் தமிழ்த் துண்டறிக்கை எல்லையோடு நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் மூலமான ஆய்வு ஆங்கிலத்தில் உள்ளது. எல்லை என்பது பாயிரத்தோடு முடிந்துபோன செய்தியன்று.

பரப்பை அளக்கும் முறை

பல்கலைக்கழகங்களின் ஆண்டறிக்கைகள் ஆய்வின் பரப்பைத் துறைகளின் பெயராலும் கட்டுரைகளின் எண்ணிக்கையாலும் காட்டுவது வழக்கம். அவ்வழக்கில் நோக்கினால் திருப்பதியின் பட்டியல் நீண்டது. அருமண் அயனிகள் கலந்த கண்ணாடிகளின் ஒளியியல் பண்புகள், சூரிய மின்கலத்துக்கான வெள்ளீய சல்பைடு மென்படலங்கள், கரிமச் சேர்மங்களைக் கொண்டு உலோக அயனிகளை நிறமாலை முறையில் அளவிடல் ஆகியன அங்குத் தொடர்ந்து நிகழ்ந்துள்ளன. இவற்றின் தரம் குறித்துத் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையாளரின் தகுதிக்கு அப்பாற்பட்டது. இவை எந்நகரிலும் நிகழக்கூடியன என்பதை மட்டும் குறிக்கலாம். அது குறையன்று. ஆயினும் ஒரு பல்கலைக்கழகத்தின் பரப்பை மதிப்பிடுவோர், எங்கும் செய்யத்தக்க ஆய்வையும் இங்கு மட்டுமே செய்யத்தக்க ஆய்வையும் வேறு பிரித்து நோக்குதல் வேண்டும். துறைவாரிப் பட்டியல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

இரண்டிலும் அடங்காத ஆய்வும் உண்டு. விலங்கியல் துறையில் கே. பம்பாபதி ராவும் அவர்தம் மாணவரும் 1960களில், சூழலின் வெப்பத்துக்கேற்ப உடல் வெப்பம் மாறும் உயிர்கள் தாழ்ந்த வெப்பநிலைக்கு எவ்வாறு இணங்குகின்றன என ஆராய்ந்தனர். ஆய்வுப் பொருள்களாக அவர்கள் கொண்டவை மண்புழுவும் நன்னீர் மட்டியும். கோடையில் கொளுத்தும் திருப்பதியில் குளிரைப் பற்றிய ஆய்வு நிகழ்ந்தது முதலில் வியப்பளிக்கலாம். வெப்பநாட்டு உயிருக்குச் சிறிது குளிரும் பெரிய மாற்றம் என்பதனால் இவ்விடமே அதற்கு ஏற்றது எனவும் கருதலாம். இக்கருத்தைத் தமிழில் கூற முற்படுவோர் ‘காலநிலை இணக்கப்படுத்தல்’ போன்ற நெடுந்தொடர்களை நாடுகின்றனர். ‘நாற்று வெயிலுக்குப் பழகிவிட்டது’ என உழவர் கூறுவதிலேயே அப்பொருள் உள்ளது. ‘பழகுதல்’ என்னும் வினை அகராதியில் இருந்தும் கலைச்சொல் தொகுப்பாளரின் கண்ணில் படுவதில்லை.

மலையும் காற்றும்

இங்கு மட்டுமே செய்யத்தக்க ஆய்வுக்குத் திருமலைச் சாலையே சான்று. மலையேறும் வழியின் வெட்டு முகங்களில், தொல்பழங்காலக் கருங்கல்லின் மேல் நகரி குவார்ட்சைட் பாறை நேரே அமர்ந்திருப்பதைக் காணலாம். இரண்டுக்கும் இடையே பல கோடி ஆண்டுகளின் பதிவு இல்லை. அவ்விடைவெளித் தளத்தை இந்தியப் புவியியல் ஆய்வகம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான தமிழர் அப்பாறையைக் கடந்தே மலையேறுகின்றனர். திருமலைப் பயண நூல்கள் தமிழில் ஏராளம்; அவற்றுள் சிலாதோரணத்தை இயற்கை வளைவாக விளக்குவன சில உள. அதனினும் அரிய இவ்விடைவெளியைப் பற்றிய தமிழ் உரைநடை அரிதினும் அரிது.

தாவரவியலில் நிலைமை சற்று வேறு. சேசாசல மலைத்தொடருக்கே உரிய சைகஸ் பெட்டோமி என்னும் தொன்மைத் தாவரம் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் முதற் பட்டியலில் இடம்பெற்றுக் காக்கப்படுவது. இத்துறையைச் சார்ந்த கே. மாதவ செட்டி மற்றிருவருடன் இணைந்து 2008இல் வெளியிட்ட சித்தூர் மாவட்டப் பூக்கும் தாவரங்கள் பற்றிய ஆங்கில நூல் குறிப்பிடத்தக்கது. தமிழக மருந்தியல் கல்லூரிகளின் ஆய்வேடுகளைப் புரட்டுவோர், தாவரத்தை இனங்கண்டு சான்றளித்தமைக்காகத் திருப்பதித் தாவரவியல் துறைக்கு நன்றி கூறும் பக்கத்தை மீண்டும் மீண்டும் காண்பர். ஆய்வின் பரப்பை அளக்க இந்நன்றியுரைகள் ஆண்டறிக்கைகளினும் நம்பத்தக்க சான்றுகள் எனலாம். இரு மாநில எல்லையை அன்றாடம் கடக்கும் ஆய்வு இது ஒன்றே. அதுவும் ஆங்கிலத்தின் வழியே கடக்கிறது.

செம்மரத்தைப் பற்றிக் கூறுகையில் நடுநிலை காப்பது கடினம். செஞ்சந்தனம் எனவும் வழங்கும் இம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் இயல்பாக வளர்வது. அதன் வைரத்துக்குச் செந்நிறம் தருவது சாண்டலின் என்னும் நிறமி. தமிழ் நாளிதழ்களில் இம்மரம் ‘கடத்தல்’ என்னும் சொல் ஒட்டாமல் வருவதில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலக் காட்டில் மரம் வெட்டச் சென்றவர்கள் எனக் கூறப்பட்ட தமிழகத் தொழிலாளர் 20 பேர் ஆந்திரக் காவல் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்நிகழ்வைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பல; எழுதப்பட வேண்டியனவே. ஆனால் அம்மரம் ஏன் அங்கு மட்டும் வளர்கிறது, வைரம் ஏறுவதற்கு ஏன் பல பத்தாண்டுகள் ஆகின்றன, காட்டுக்கு வெளியே நட்டு வளர்ப்பது எவ்வளவு பயன் தரும் என்னும் செய்திகள் உயிரைப் பணயம் வைத்த அம்மக்களின் மொழியில் விரிவாக எழுதப்படவில்லை. செய்தி நடை மட்டுமே இருந்து அறிவியல் நடை இல்லாத இடத்தில், மரம் விலைப்பொருளாக மட்டுமே தெரியும்.

வளிமண்டல ஆய்வில் சொற்சிக்கல் தனிவகையானது. திருப்பதிக்கு அண்மையில் உள்ள காதங்கியில் 1990களின் முற்பகுதியில் எம்.எஸ்.டி. ரேடார் நிறுவப்பட்டது. அந்நிலையம் 2005இல் தேசிய வளிமண்டல ஆய்வகம் எனப் பெயர் பெற்றது. அது விண்வெளித் துறையைச் சார்ந்ததாயினும் வேங்கடேசுவரா பல்கலைக்கழக இயற்பியலார் அதனைத் தொடக்கம் முதலே பயன்படுத்தி வந்துள்ளனர். 53 மெகாஹெர்ட்சில் இயங்கும் இதன் 1024 யாகி அலைவாங்கிகள், மேகமற்ற வானிலும் காற்றின் கொந்தளிப்பிலிருந்து மீளும் மெல்லிய எதிரொலியைப் பற்றிக் காற்றின் திசையையும் விரைவையும் தருவன. பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல் மிக உயரத்தில் விரையும் கீழைத் தாரைக்காற்று இவ்வாறு அளக்கப்பட்டது.

இக்கருவியின் பெயரிலுள்ள மூன்று எழுத்துகளும் வளிமண்டலத்தின் மூன்று அடுக்குகளைக் குறிப்பன. அவற்றுள் கீழ் அடுக்கு ஒன்றுக்கே தமிழகப் பாடநூல்களில் ‘அடிவளிமண்டலம்’, ‘கீழடுக்கு’ எனவும், இலங்கைத் தமிழில் ‘மாறன்மண்டலம்’ எனவும் சொற்கள் வழங்குகின்றன. மேலும், இவற்றுக்கு மேலுள்ள ஓர் அடுக்குக்கு ‘வெப்பமண்டலம்’ என்னும் சொல் ஆளப்படுகிறது. கடக, மகர ரேகைகளுக்கு இடைப்பட்ட நிலப்பகுதிக்கும் அச்சொல்லே உரியது. ஆகவே வெப்பமண்டலத்தில் உள்ள காதங்கியிலிருந்து வெப்பமண்டலத்தை நோக்குவதாக எழுத நேரும். இக்குழப்பம் சொல் இன்மையால் வந்ததன்று. சொல்லை உருவாக்கியோர் அதனைக் கொண்டு ஒரு பக்கமேனும் எழுதிப் பாராமையால் வந்தது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி, இப்பல்கலைக்கழகம் தோன்றிய அதே 1954இல் வெளிவந்தது. அதில் சொல்லாக்கமும் கட்டுரையாக்கமும் ஒருங்கே நிகழ்ந்தன. பின்வந்த தொகுப்புகள் பலவற்றில் சொல் தனித்து நின்றது.

நிலக்கடலை

குடிபாலாவுக்கு மிக அண்மையில் வரும் ஆய்வு வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தினுடையதன்று. வேளாண் பல்கலைக்கழகத்தின் திருப்பதி ஆய்வு நிலையத்தினுடையது. 1970களின் நடுப்பகுதியில் காளத்தி வட்டாரத்தில் நிலக்கடலைக்கு ஒரு நோய் கண்டது. காய்கள் கருத்தன, விளைச்சல் வீழ்ந்தது. மண்ணிலுள்ள ஒருவகை நூற்புழுவே காரணம் எனக் கண்டறியப்பட்டது. ஆங்கில ஆய்வுலகில் அந்நோய்க்குக் காளத்தியின் பெயரே நிலைத்துவிட்டது. அதனைத் தாங்கும் திறனுடைய ‘திருப்பதி 3’ என்னும் இரகத்தை அந்நிலையம் உருவாக்கியது. ஊரில் தோன்றிய சிக்கல், ஊரிலேயே தேடிய காரணம், ஊரின் பெயரோடு திரும்பிய விதை என்ற வகையில் இதனை இவ்வட்டாரத்து அறிவியலின் சிறந்த கூறாகக் கருதலாம்.

இதனைத் தமிழில் எழுதத் தடையாகச் சொல்லப்படுவது கலைச்சொல் இன்மை. ஆர்க்காட்டுப் பகுதிகளில் நிலக்கடலையை மணிலாக் கொட்டை, மல்லாட்டை என்பர். பூத்தபின் மண்ணுக்குள் இறங்கும் காம்பு ‘விழுது’. அது இறங்கும் பருவம் ‘விழுது இறங்கும் பருவம்’. இச்சொற்களைக் கொண்டே நோயின் தன்மையைப் பின்வருமாறு எழுதலாம்: நூற்புழு தாக்கிய செடி வளர்ச்சி குன்றி நிற்கும், விழுதிலும் இளங்காயின் தோலிலும் பழுப்புப் புள்ளிகள் விழும், புள்ளிகள் ஒன்றோடொன்று கூடக் காயின் தோல் முழுதும் கருக்கும், காயும் சிறுத்துவிடும். இவ்வாக்கியங்களில் உழவரின் பழைய வழக்கில் இல்லாத சொல் ‘நூற்புழு’ ஒன்றே. அதுவும் எல்லைக்குத் தெற்கே வேளாண்மைத் துண்டறிக்கைகளால் பழகிவிட்ட சொல்.