சண்டையில் வளர்ந்த வசனம்

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவனுக்கு ஒரே மதத்துக்குள் நடக்கும் சண்டையைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்பதிலேயே அது ஆரம்பமாகிவிடும். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்கிற மாதிரி நாம்தான் பகவானைப் பற்ற வேண்டும் என்பார் வடகலையார். பூனை தன் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போகிற மாதிரி அவனே நம்மைக் காப்பான் என்பார் தென்கலையார். சிறு வயதில் இதைக் கேட்டு நான் சிரித்ததுண்டு. பிள்ளை லோகாசாரியரும் வேதாந்த தேசிகரும் இந்த விஷயங்களை எழுதப் போய்த்தான் மணிப்பிரவாள வசனம் அத்தனை வலுப்பெற்றது என்பது பின்னால்தான் தெரிந்தது.

காவிரியைத் தாண்டித் திருச்சியில் இரண்டு வருஷம் கல்லூரிக்குப் போனேன். அங்கே மெயின்கார்டு கேட் பக்கம் லூர்து மாதா கோயில். கோட்டைப் பகுதியில் ஸ்வார்ட்ஸ் பாதிரியார் 1766-ல் கட்டிய கிறிஸ்து ஆலயம். ஒரே ஏசுவுக்கு ஏன் இரண்டு கட்சி? 1517-ல் ஜெர்மனியில் கிளம்பிய லுத்தர், மனிதன் கடைத்தேறுவது விசுவாசத்தால் மட்டுமே என்றார். விசுவாசத்தோடு நற்செயலும் வேண்டும் என்றது ரோமாபுரி. குரங்கும் பூனையும் இதற்கு முழுக்கப் பொருந்தாதுதான். ஆனாலும் ஸ்ரீரங்கத்துக்காரன் புரிந்துகொள்ள அது போதும்.

அந்தச் சண்டை கப்பலேறித் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, லுத்தர் வழியைச் சேர்ந்தவர். குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1719-ல் காலமானார்.

எதிர்க்கட்சியில் இருந்தவர் லேசுப்பட்டவரல்ல. கொள்ளிடக் கரையை அடுத்த ஏலாக்குறிச்சியில் இருந்த இத்தாலியர், வீரமாமுனிவர். பழைய கிரேக்க, லத்தீன் நூல்களைத் தேடியெடுத்துப் புதுக் கண்ணோடு வாசித்த ஐரோப்பிய மறுமலர்ச்சியின் படிப்பு அவருடையது. அந்தக் கண்ணைத் தமிழ்மேல் திருப்பினார். குறளின் அறத்தையும் பொருளையும் லத்தீனில் தந்தார். நிகண்டுப் பாட்டை நெட்டுருப் போட்டுவந்த நாட்டில், 1732-ல், சொற்களை அகர வரிசையில் அடுக்கிச் சதுரகராதி செய்தார்.

அவரைப் பாராட்டுகிறவர்கள் தேம்பாவணியைத்தான் சொல்வார்கள். 3615 பாட்டு, நானும் மரியாதையோடு வாசித்தேன். ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு அவருடைய வசனம்தான் பெரிதாகத் தோன்றுகிறது. காப்பியத்தில் அவர் நம் பழைய கவிகள் போட்ட ராஜபாட்டையில் அலங்காரத்தோடு போகிறார். லுத்தர் கட்சியை மறுத்து 1728-ல் எழுதிய வேத விளக்கத்தில் அந்த அலங்காரத்துக்கு இடமில்லை. சாதாரணக் கிறிஸ்தவனுக்கு விளங்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் அடுத்த கோயிலுக்குப் போய்விடுவான். அந்த அவசரம்தான் வாக்கியத்துக்கு உயிர் கொடுக்கிறது. பரமார்த்த குருவின் கதையை எழுதிய கையல்லவா!

குறையும் அங்கேதான் இருக்கிறது. கொள்கையை மறுத்ததோடு அவர் நிற்கவில்லை. எதிராளிகளின் வேதப் புத்தகத் தமிழையும் ஏளனம் செய்தார். அந்தத் தமிழ் கரடுமுரடுதான், சந்தேகமில்லை. ஆனால் மணலில் எழுதிப் பழகிய மனிதர் இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பதில் சொல்ல அவர் இல்லை.

இதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஒரு சமயம் சக எழுத்தாளர் ஒருவரின் நாவலுக்கு மதிப்புரை எழுதினேன். அவர் கட்சி வேறு, என் கட்சி வேறு. கதையை விட்டுவிட்டு அவர் தமிழைக் கேலி செய்தேன். நண்பர்கள் ரசித்தார்கள். பிற்பாடு அந்த நாவலை மறுபடி வாசித்தபோது, நான் கேலி செய்த பேச்சு அவர் ஊர்ப் பேச்சு என்று விளங்கியது. ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் அவர் போய்விட்டார்.

ஆகவே தரங்கம்பாடிக்காரர்கள் செய்ததை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேத விளக்கம் எழுதிய அதே 1728-ல் வீரமாமுனிவர், ஜனங்கள் பேசும் கொடுந்தமிழுக்கு லத்தீனில் ஓர் இலக்கணமும் எழுதி முடித்திருந்தார். 1738-ல் அது அச்சேறியது. அச்சிட்டது யார் தெரியுமா? தரங்கம்பாடியில், லுத்தர் கட்சியாரின் அச்சுக்கூடம். அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார். கொள்கையில் அவர்கள் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் தமிழ் கற்க நல்ல புஸ்தகம் எது என்று கேட்டால் தங்களைத் திட்டினவருடைய புஸ்தகம்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த நாவல் இப்போது கடையில் கிடைப்பதில்லை. என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. அதைப் பற்றி நான் மறுபடி எழுதியாக வேண்டும்.