எசமானும் சபாபதி, ஏவலாளும் சபாபதி

வீட்டு எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, அந்த ஒரு முடிச்சை நம்பி ஒரு பிரகசனத்தையே நடத்திக் காட்டியவர் பம்மல் சம்பந்த முதலியார். அவருடைய ‘சபாபதி’யைச் சேலம் ஜில்லா ஆத்தூர் போன்ற ஊரில், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் பள்ளி மேடையில் ஆடிப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த காட்சி. சரியாக ஆடினால்தான். பழைய நகைச்சுவை நாடகம் போல ஏமாற்றக்கூடியது வேறில்லை. படிக்கும்போது எளிதாகத் தெரியும். மேடையில் ஏறியதும் வசனம் எல்லாம் சரியாக வந்தும் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

சம்பந்த முதலியார் பிறந்தது 1873இல். இளமையில் அவருக்குத் தமிழ் நாடகத்தின் மேல் மதிப்பே கிடையாது. 1891இல் பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்குக் குழு சென்னைக்கு வந்து ஆடியதைப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. அதே ஆண்டில் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார். வக்கீலாகவும் பின்னர் நீதிபதியாகவும் இருந்துகொண்டே 90க்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார். மோலியேரின் ஸ்கேப்பனைக் ‘காளப்பன் கள்ளத்தனம்’ ஆக்கினார். ‘சபாபதி’ மட்டும் ஒரு நாடகத்தோடு நிற்கவில்லை. பார்த்தவர்கள் விடாததால் பாகம் பாகமாக வளர்ந்தது. 1941இல் ஏ.வி.மெய்யப்பன் அதைப் படமாக்கினார். எசமான் டி.ஆர்.ராமச்சந்திரன், வேலைக்காரன் காளி என்.ரத்தினம். ரத்தினம் மதுரை பாய்ஸ் கம்பெனியில் சிறுவர்களுக்கு நடிப்பு வாத்தியாராக இருந்தவர். பள்ளிப் பிள்ளைகளைப் பழக்குகிறவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

ஐரோப்பியப் பிரகசனத்துக்கு உயிர் கதவுகளில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஃபெய்தோவின் நாடகங்களில் ஒரு கதவு வழியாகக் கணவன் நுழைய, இன்னொன்றில் மனைவி வெளியேற, மூன்றாவதற்குப் பின்னால் ஒருவன் ஒளிந்திருப்பான். அதை ஒரு பள்ளியில் போட வேண்டுமானால் முதலில் தச்சரைத் தேட வேண்டும். ஓங்கி அடித்தாலும் ஆடாத நிலையும் கதவும் அமைந்தால்தான் அந்தச் சிரிப்பு பிறக்கும். சபாபதிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் கதவெல்லாம் நாக்கில் இருக்கிறது. எசமான் ஒரு கட்டளை இடுகிறார். வேலைக்காரன் அதைச் சொன்னது சொன்னபடி, ஓர் எழுத்தும் பிசகாமல் நிறைவேற்றுகிறான். வீடு தலைகீழாகிறது. கோலி சோடாவை ‘உடைத்துக் கொண்டு வா’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அதை அப்படியே செய்பவன் ஒருவன் வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த வகைச் சிரிப்பு. இரண்டு படுதாவும் ஒரு மேசையும் இருக்கிற பள்ளி மேடைக்கு இதைவிடப் பொருத்தமான நாடகம் எது?

ஆனால் இங்கேதான் பையன்கள் சறுக்குகிறார்கள். வேலைக்காரச் சபாபதியாக வருகிற மாணவனுக்குத் தான் சிரிப்புக் காட்டுகிறோம் என்று தெரியும். அந்தத் தெரிதல் கடைவாயில் ஒரு சின்னச் சுளிப்பாக வந்து உட்கார்ந்துவிடும். அது வந்ததும் நாடகம் போயிற்று. இந்தச் சபாபதி தன்னை முட்டாளாக நினைப்பவன் அல்லன். குறும்பு செய்பவனும் அல்லன். எசமான் சொல்லைத் தட்டாத, வேலையில் சுத்தமான ஆள். சொன்னதைச் செய்துவிட்டு வந்து நிற்கும்போது அவன் முகத்தில் இருக்க வேண்டியது பெருமை. திட்டு விழும்போது வருவது உண்மையான வியப்பு. நான் பார்த்தவற்றுள் நல்ல சபாபதிகள் எல்லோரும் வகுப்பில் மிகவும் பொறுப்பான பிள்ளைகள். ‘வகுப்புக் கோமாளி’ என்று பெயரெடுத்தவனுக்கு இந்த வேடத்தைக் கொடுக்கிற ஆசிரியர்மேல் எனக்கு வருத்தம் உண்டு. அவனை எசமானாக்கலாம். கத்துவதற்கும் தலையில் அடித்துக்கொள்வதற்கும் அங்கே நிறைய இடம் இருக்கிறது.

சேலம் ஜில்லாப் பிள்ளைகளிடம் இயல்பாகவே ஒரு சொத்து உண்டு: தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டுத் தாத்தா மடியில் தூங்கிய பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். வெள்ளைத் திரையை இரண்டு பேர் பிடித்திருக்க, உள்ளே நிற்கும் ராஜாவிடம் வெளியிலிருந்து ‘நீ யாரய்யா’ என்று கேட்கிற கோமாளியின் தாளம் அவர்கள் காதில் ஏறியிருக்கிறது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்காமலே வரும். அதே கூத்து ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது. கூத்துக் கோமாளி ஜனங்களைப் பார்த்துக் கண்ணடிக்கலாம், எதிரில் உட்கார்ந்திருக்கும் ஊர்த்தலைவரை வம்புக்கு இழுக்கலாம்; அது அவன் உரிமை. சபாபதிக்கு அந்த உரிமை கிடையாது. அவனுக்கு எதிரில் ஜனமே இல்லை, எசமான் மட்டும்தான். தாளத்தை வைத்துக்கொண்டு கண்ணைத் திருப்பிவிடு என்று பழக்குவதே ஒத்திகையில் பாதி வேலை.

பேச்சு விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சம்பந்த முதலியாரின் வசனம் சென்னைப் பட்டணத்துப் பழைய பேச்சு. அதை மொத்தமாக ஆத்தூர்ப் பேச்சுக்கு மாற்றிவிடலாம் என்பார் சிலர். மாற்றினால் காலம் போய்விடும். அப்படியே வைத்தாலோ பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். எசமான் அந்தக் காலத்து மிடுக்குத் தமிழையே பேசட்டும்; வேலைக்காரன் மட்டும், ‘சரிங்க எசமான், நீங்க சொன்னாப்புலயேதானுங்க செஞ்சேன்’ என்று நம் பக்கத்துப் பேச்சைப் பேசட்டும். இருவருக்கும் இடையே புரிந்துகொள்ளாமை ஏன் வருகிறது என்பதற்கு விளக்கமே வேண்டியதில்லை, காதே சொல்லிவிடும்.

காலத்தைக் காட்டுவதற்குப் பணம் தேவையில்லை. ஒரு ட்ரங்குப் பெட்டி, சங்கிலி வைத்த பாக்கெட் கடிகாரம், அரிக்கேன் விளக்கு, மரச் சாய்வு நாற்காலி. ஆத்தூரில் நாலு பழைய வீடுகளில் கேட்டால் கிடைத்துவிடும். பொருளைவிட உடம்புதான் கடினம். ஜீன்ஸில் வளர்ந்த பையன் பஞ்சகச்சம் கட்டியதும் காலை அகட்டி நடக்கிறான். அங்கவஸ்திரம் நிமிஷத்துக்கு ஒரு முறை நழுவுகிறது. அதனால் விழாவுக்கு முந்திய நாள் உடையைக் கொடுக்கவே கூடாது. முதல் ஒத்திகையிலிருந்தே வேட்டியும் மேல்துண்டும் இருக்க வேண்டும். ஒருநாள் அவன் கோபத்தில் அங்கவஸ்திரத்தைத் தானறியாமல் உதறித் தோளில் போடுவான். அன்றைக்கு எசமான் பிறந்துவிட்டார் என்று அர்த்தம். செல்போன், சினிமா வசனம் என்று நடுவில் செருகிக் கைதட்டு வாங்குகிற பழக்கம் இந்த உழைப்பையெல்லாம் ஒரு நொடியில் கரைத்துவிடும்.

மைக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி ஆண்டு விழா மேடையின் நடுவில் ஸ்டாண்டு மைக் ஒன்று நிற்கும். நடிகர்கள் எல்லோரும் அதைச் சுற்றி, ஒரே குழாயடியில் குடம் வைத்தவர்கள் போல நெருங்கி நிற்பார்கள். ஏவலாள் ஓட வேண்டும், எசமான் துரத்த வேண்டும், அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தவறான பக்கம் போக வேண்டும். மைக் இதில் எதையும் விடாது. மேலே இரண்டு மைக்கைத் தொங்கவிடலாம். அதுவும் இல்லையென்றால் திறந்தவெளியை விட்டுவிட்டு வகுப்பறைக் கட்டடத்தின் கூடத்தில், இருநூறு பேர் முன்னால், தொண்டையை நம்பி ஆடலாம். சிரிப்பு நாடகத்துக்குக் கூட்டம் பெரியதாக இருப்பதைவிட நெருக்கமாக இருப்பது முக்கியம்.

சுகுண விலாச சபையில் பெண் வேடங்களை ஆண்களே ஏற்றார்கள். சம்பந்த முதலியாருக்கு இணையாகக் கதாநாயகி வேடம் கட்டிய ரங்கவடிவேலு அதில் புகழ்பெற்றவர். இன்று பெண்கள் பள்ளியில் சபாபதியைப் போட்டால் கணக்கு நேர் எதிராகத் திரும்புகிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண் பென்சில் மீசையோடு, தலைப்பாகை கட்டி, சாய்வு நாற்காலியில் சாய்ந்து அதிகாரம் செய்வாள். அந்த அதிகாரத்தைத் தன் வீட்டில், தன் தெருவில் அவள் எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறாள் என்பது ஒவ்வொரு கையசைவிலும் தெரியும். ஆண்பிள்ளைகள் ஆடிய எசமான்களைவிட இவர்களை நான் மேலாக ரசிக்கிறேன். காலத்தின் வீம்பை வெளியிலிருந்து பார்த்தவர்களால்தான் அவ்வளவு துல்லியமாகப் பிடிக்க முடிகிறது.

வேலைக்காரனைப் பார்த்துச் சிரிப்பது சரியா என்று கேட்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி. மரவள்ளிக் காட்டிலும் ஜவ்வரிசி ஆலையிலும் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மேடை இது. ஆனால் இந்த நாடகத்தில் எசமானும் மந்தமானவர்தான். இருவருக்கும் ஒரே பெயரை வைத்ததன் கூர்மை அங்கே இருக்கிறது. ‘சபாபதி!’ என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும்போது இருவரும் ஒன்றாகத் திரும்பட்டும். அடி, உதை, காதைத் திருகல் எல்லாவற்றையும் நான் வெட்டிவிடுவேன். வெட்டினால் நாடகத்துக்குக் குறைவு வராது. கட்டளையின் ஓட்டை மேல் விழும் சிரிப்பு, அடிபட்டவன் மேல் விழும் சிரிப்பைவிட நீளமாக நிற்கும்.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கிற கலைத் திருவிழாவால் நாடகத்துக்கு மீண்டும் ஒரு மேடை கிடைத்திருக்கிறது. ஆனால் போட்டி மேடையில் நேரம் குறைவு. அதனால் முழு நாடகத்தையும் சுருக்கிப் பிழியாமல் ஒரே காட்சியை எடுத்து அதன் வேகத்திலேயே ஆடுவது மேல். வேகம் என்றால் விரைவாகப் பேசுவது அல்ல. சிரிப்பு எழுந்து உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது, அது முழுவதும் அடங்குவதற்கு முன்னால், அடுத்த வசனத்தைச் சொல்ல வேண்டும். முந்தினால் வசனம் கேட்காது. பிந்தினால் கூடம் குளிர்ந்துவிடும். காலியான கூடத்தில் இதைப் பழக முடியாது. கடைசி வார ஒத்திகைக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தரையில் உட்கார வையுங்கள். அவர்கள் சிரிக்கிற இடத்தில் எல்லாம் பிரதியில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் ஏழாம் வகுப்பைக் கூப்பிடுங்கள்; கோடுகள் இடம் மாறும். விழா அன்று பெற்றோர்கள் வேறு எங்கோ சிரிப்பார்கள். அதற்குள் பிள்ளைகளுக்குக் காத்திருக்கத் தெரிந்திருக்கும்.