மயிற்பொறியின் இறக்கம்

மணிமங்கலம் தமிழக வரலாற்றில் இடம்பெற்ற ஊர். பல்லவர் சளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியைப் புறங்கண்ட களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு அதனைக் குறிக்கின்றது. இன்று அவ்வூர்க்குக் கிழக்கே தாம்பரம் வான்படைத் தளமும், தென்மேற்கே ஒரகடத்துத் தொழிற்சாலைகளும் அமைந்துள்ளன. வானிற் செல்லும் பொறியும் மண்ணில் இயங்கும் பொறியும் அவ்வூரார்க்குப் புதியன அல்ல. அத்தகைய ஊரில் சீவக சிந்தாமணியின் மயிற்பொறியைப் பாடமாகச் சொல்லும் ஆசிரியன், ‘இது பறந்திருக்குமா?’ என்னும் வினாவினின்று தப்புதல் அரிது.

இவ்வினாவிற்கு இருவகை விடை கூறுவர். பண்டைத் தமிழர் வானூர்தி செய்தனர் என்பதற்கு இது சான்று என்பார் ஒரு சாரார். வெறுங் கற்பனை என ஒதுக்குவார் மற்றொரு சாரார். இருவரும் பொறி எழுந்ததையே நோக்கினர். அது இறங்கிய வகையை நோக்கினாரல்லர். காப்பியத்தின் உயிர்நிலையோ அவ்விறக்கத்தில் உள்ளது. அதனை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

திருத்தக்கதேவர் நாமகள் இலம்பகத்தில் கூறும் செய்தி வருமாறு. விசயை கண்ட கனவின் பயனை அஞ்சிய சச்சந்தன், கம்மியனைக் கொண்டு மயிற்பொறி ஒன்று செய்விக்கின்றான். துணியும் நூலும் அரக்கும் மெழுகும் கொண்டு அஃது ஏழு நாளில் முடிகின்றது. வலமாகத் திரிப்பின் எழும். இடமாகத் திரிப்பின் இறங்கிக் கால்குவித்து இருக்கும். இதனை விசயை பயில்கின்றாள். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்தபோது, கருவுற்ற அவள் தனியே அதில் ஏறிச் செல்கின்றாள். பகைவனின் வெற்றிமுரசு வானிலே அவள் செவிப்படுகின்றது. கணவன் பட்டான் என்பதுணர்ந்து அறிவு மயங்குகின்றாள். மயில் சுடுகாட்டில் மெல்ல மெல்ல இறங்குகின்றது.

இனி, இக்காலச் சிறு வானூர்தியின் நிலையை நோக்குவோம். 2025 நவம்பர் 13-ஆம் நாள், சேலத்தினின்று புறப்பட்ட பயிற்சி வானூர்தி ஒன்று பழுதுற்றுத் திருச்சி - புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் இறக்கப்பட்டது. அதிலிருந்த இருவரும் உயிர்பிழைத்தனர். எஞ்சின் நின்றவுடன் வானூர்தி கல்லைப்போல் வீழ்ந்துவிடும் என்பது பலரும் கொண்டுள்ள பிழைபட்ட எண்ணம். செசுனா 172 போன்ற சிற்றூர்தி, காற்றில்லாப் பொழுதில், தான் நின்ற உயரத்தைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு தொலைவு சறுக்கிச் செல்லும். உயரம் ஆயிரம் அடியாயின், இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேற்படும். அவ்வளவே ஓட்டுநர்க்கு வாய்க்கும் செல்வம். அதற்குள் அவர் உரிய வேகத்தைக் காத்தல் வேண்டும்; காற்றின் திசை அறிதல் வேண்டும்; இறங்குமிடம் தேர்தல் வேண்டும். மீண்டும் உயர எண்ணி மூக்கை மிகத் தூக்கின், இறக்கைகள் தாங்குவிசை இழக்கும்.

இவ்விரண்டையும் ஒப்பிடின் ஓர் உண்மை புலப்படும். தமிழில் பொறி என்னும் சொல் இயந்திரத்தையும் குறிக்கும்; மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐம்பொறியையும் குறிக்கும். நெடுஞ்சாலையில் இறங்கிய ஊர்தியில் இயந்திரப் பொறி பழுதுற்றது. ஓட்டுநரின் ஐம்பொறி கலங்கவில்லை. விசயையின் மயிலிலோ இயந்திரம் பழுதுறவில்லை. செவிப்பொறி வழியே புகுந்த ஒலி அவள் அறிவை வீழ்த்தியது. கம்மியன் தன் தொழிலில் தவறினானல்லன். அரசி பயிற்சியில் குறைந்தாளல்லள். துயரின் எடையைத் தாங்கும் வகையில் எவ்வூர்தியும் செய்யப்படுவதில்லை என்பதே புலவர் காட்டும் உண்மை.

ஓட்டுவார் இன்றி ஊர்தி அங்ஙனம் இறங்குமோ எனின், சமன்செய்து விடப்பட்ட வானூர்தி சிறிது பொழுது தானே சீராகச் செல்லுதல் கூடும். இடந்தேர்ந்து இறங்குதல் அதற்கு இயலாது. எனவே சுடுகாட்டைத் தேர்ந்தவர் புலவரே. புறநானூற்று 27-ஆம் பாட்டு, புலவர் பாடும் புகழுடையோர் பாகன் ஏவாத விண்ணூர்தியில் மேலுலகு எய்துவர் என்னும் கருத்துடையது. அவ்வூர்தி இறந்தோரை விண்ணிற்கு உயர்த்துகின்றது. தேவர் பாடிய மயிலோ, ஏவுவார் அறிவிழந்த பின்னர், உயிருடையாளைப் பிணக்காட்டிற்குத் தாழ்த்துகின்றது. ஆயினும் சீவகன் பிறந்தது அக்காட்டிலேதான். உடல் எரியும் இடத்தில் உயிர் தோன்றுதல், யாக்கை நிலையாமையையும் வினையின் வலியையும் வற்புறுத்தும் சமணக் காப்பியத்திற்கு எத்துணைப் பொருத்தமான தொடக்கம்!

துணியும் மெழுகும் கொண்ட மயில் மெய்யாகவே பறந்தது என நாம் சாதிப்போமாயின், நாள்தோறும் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் இளைஞர் நகைப்பர். அந்நகைப்பினால் காப்பியத்தையும் கைவிடுவர். பெருமை தேடப் புகுந்து பாட்டை இழத்தல் அறிவுடைமை ஆகாது. பறந்ததா என்னும் வினாவை விடுத்து, இறங்கியது ஏன் என்று வினவுமாறு மாணவரைப் பயிற்றுதலே ஆசிரியர் கடன். அவ்வினாவிற்கு விடை கம்மியன் பட்டறையில் இல்லை. வெற்றிமுரசு கேட்ட ஒரு பெண்ணின் செவியில் உள்ளது.