வளைத்தல், அடைத்தல், பொதிதல்

ஒன்றைச் சுற்றி இன்னொன்று நிற்பதைச் சொல்ல, சூழ், சுற்று, வளை, முற்று, அடை, பொதி, போர்த்து, தழுவு, உறையிடு எனத் தமிழில் வினைகள் ஏராளம். இவற்றை ஒரே பொருள் தரும் பல சொற்களாகக் கருதி நகர்ந்துவிடுகிறோம். ஆனால் காப்பதற்குச் சுற்றுவது வேறு, பிடிப்பதற்குச் சுற்றுவது வேறு, சுமந்து செல்லச் சுற்றுவது வேறு. இந்த வேறுபாடுதான் இந்தச் சொற்களின் உயிர்.

இதை முதலில் கண்டவர்கள் போருக்கு இலக்கணம் எழுதியவர்கள். தொல்காப்பியப் புறத்திணையியல், மதிலை வளைப்பதையும் உள்ளிருந்து காப்பதையும் உழிஞை என்ற ஒரே திணையில் அடக்கியது. பின்னால் வந்த ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை, வளைப்பவனுக்கு உழிஞை, காப்பவனுக்கு நொச்சி என்று இரண்டாகப் பிரித்தது. மதில் ஒன்றுதான், எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில் திணை மாறிவிடுகிறது. அந்த மதிலுக்கும் எயில், இஞ்சி, புரிசை என்று வேறு பெயர்கள். அதற்கு வெளியே அகழி, அதற்கும் வெளியே மிளை என்னும் காவற்காடு. திருக்குறளின் அரண் அதிகாரம் நீர், மலை, காடு இவற்றோடு மண்ணையும் அரணாகச் சொல்கிறது. மண் எப்படி அரணாகும்? பரிமேலழகர் அதை வெள்ளிடை நிலம் என்கிறார். நீரும் நிழலும் இல்லாத வெட்டவெளி மதிலுக்கு வெளியே கிடந்தால் பகைவர் அங்கே தங்க முடியாது. ஒன்றுமில்லாத வெளியும் ஒரு சூழல்தான் என்று கண்டது பெரிய விஷயம்.

உழிஞை இன்று வகுப்பறையோடு சரி. ஆனால் தொல்காப்பியர் அத்திணையை விளக்கக் கையாண்ட முற்றுதல் என்ற வினை சாகவில்லை. காலிக் குடங்களோடு பெண்கள் ஊராட்சி அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள் என்று நாளிதழ் எழுதும்போது அந்த வினைதான் பேசுகிறது.

சூழ் என்ற வினையின் வரலாறு கொஞ்சம் வருத்தமானது. குறளில் சூழ்தல் என்றால் எண்ணுதல், ஆராய்தல். ஒரு செயலை நாலாபக்கமும் வளைத்துப் பார்ப்பது. சூழ்ச்சி என்பதும் அங்கே நல்ல ஆலோசனைதான். இன்று அது சதிக்குப் பெயர். வளாகம் என்ற சொல்லோ பொருளில் சுருங்கியது. புறநானூற்றில் கடல் சூழ்ந்த உலகம் முழுவதையும் குறித்த சொல், இப்போது பல்கலைக்கழகத்துக்கும் வணிகக் கட்டடத்துக்கும் சுற்றுச்சுவர் எழுப்புகிறது. சுற்று என்பதிலிருந்து பிறந்த சுற்றம் மட்டும் வீட்டைவிட்டு அகலாமல் உறவினரையே குறித்து நிற்கிறது.

இந்தச் சொற்களத்தில் மிகச் செழிப்பான பகுதி வேலிதான். யாழ்ப்பாணத்தார் வேலியைக் கட்டுவதில்லை, அடைப்பார்கள். கதியால் நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்து அடைத்த வேலி ஓலை மக்கியதும் மறுபடி அடைக்கப்படும். அந்த வேலியில் நுழைய வைத்த வாசல் படலை. அதற்கு மேலே கூரையும் போட்டால் சங்கடப் படலை. நாய் நுழையும், அயலவர் குனிந்து வரும் ஓட்டைக்குப் பொட்டு என்று பெயர். அடைப்பதைப் பற்றிய அகராதியில் திறப்புகளுக்கு இத்தனை சொல் இருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். கொங்கு நாட்டில் வேறு கதை. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் கிளுவை முள்ளை உயிர்வேலியாக வளர்த்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லில் மாடுகளை விட்டிருப்பார்கள். அங்கே வேலி என்பது வளர்ந்துகொண்டே இருக்கும் செடி. கரிசலிலோ இரவில் ஆடுகளை வயலில் அடைத்து எருவுக்கு விடுவது கிடை, கி. ராஜநாராயணன் தம் குறுநாவல் ஒன்றுக்கு அந்தச் சொல்லையே பெயராக வைத்தார். காவிரிப் படுகையில் வேலி நில அளவாகவே ஆகிவிட்டது. இருபது மா சேர்ந்தது ஒரு வேலி, ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். சோழர் கல்வெட்டுகள் நெடுகிலும் இந்த அளவு வருகிறது.

உறை என்ற சொல்லைக் கிணற்றடியில் கேட்க வேண்டும். பட்டினப்பாலை புறச்சேரியை வருணிக்கும் இடத்தில் உறைக்கிணறு வருகிறது. 2015இல் தொடங்கிய கீழடி அகழாய்வில் சுடுமண் உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நிலையிலேயே கிடைத்தன. இன்று கிணறு வெட்டுபவர்கள் சிமெண்ட் வளையங்களை உறை என்றுதான் சொல்கிறார்கள், உறை இறக்குகிறார்கள். பொருள் சுடுமண்ணிலிருந்து சிமெண்டுக்கு மாறியும் சொல் மாறவில்லை. அதைக் காத்தவர்கள் தொழிலாளர்கள்.

அகராதிகள் இந்தக் களத்தை எப்படிக் கையாண்டன? திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் பொருள்வழி தொகுத்ததால் மதிலின் பெயர்கள் அருகருகே நின்றன. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் அகரவரிசையில் அவற்றைப் பிரித்துப்போட்டது. தேடுவதற்கு வசதி, உறவு தெரியாது. பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி வேர்வழி உறவைக் காட்டுகிறது, தொழில்வழி உறவைக் காட்டாது. கி.ரா.வின் கரிசல் அகராதியும் பெருமாள்முருகனின் கொங்கு அகராதியும்தான் வேலியோரம் வரை போயின. சந்தைக்கும் கிட்டங்கிக்கும் போன அகராதி இன்னும் வேண்டும்.

ஏனென்றால் கட்டிச் சுமக்கும் சொற்கள் அங்கேதான் இருக்கின்றன. அப்பருக்குத் திருப்பைஞ்ஞீலி வழியில் இறைவன் பொதிசோறு தந்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. கேரளத்தில் வாழையிலையில் கட்டிய பொதிச்சோறு இன்றும் அதே பெயரோடு விற்கிறது. இலங்கையில் வெள்ளம் வந்தால் உலர் உணவுப் பொதிகள் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் அதுவே உணவுப் பொட்டலம். 2019 ஜனவரி முதல் தேதி இங்கே ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்குத் தடை வந்தபோது பல உணவகங்களுக்கு வாழையிலையும் மந்தாரை இலையும் திரும்பின. பார்சல் என்ற சொல் மட்டும் அசையவில்லை. பனங்காட்டுப் பக்கம் பதநீர் குடிக்க மடித்துக் கொடுக்கும் ஓலைப் பட்டைக்கு அந்தக் கவலை இல்லை. அதை இன்றும் பட்டை என்றே சொல்கிறார்கள். அரிசி ஆலையில் இருபத்தைந்து கிலோ மூட்டை ஒரு சிப்பம். பிலிக்கல்பாளையம் வெல்ல ஏலத்தில் முப்பது கிலோ ஒரு சிப்பம். வேளாண் துறைக் கையேடுகள் சிப்பமிடுதல் என்று எழுதுவது இங்கிருந்து எடுத்ததுதான். புதிதாக ஒன்றை உருவாக்காமல், சுமை தூக்குபவர் வாயிலிருந்ததை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.