புற ஊதாவும் விண்மீன் திரளின் வயதும்

புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைக் காற்று மண்டலம் விழுங்கிவிடும். தரையிலுள்ள காவலூர் தொலைநோக்கிக்கு எட்டாத வேலை. மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் ஏறிப்போன 'யூவிட்' தொலைநோக்கி, அதற்காகவே பெங்களூரு இந்திய வானியற்பியல் மையம் முன்னின்று செய்த கருவி.

வயதுக் கணிப்பின் அடிப்படை எளிது. சூரியனைப்போல் 20 மடங்கு நிறையுள்ள விண்மீன், புற ஊதாவை அள்ளிக் கொட்டிவிட்டுச் சுமார் ஒரு கோடி ஆண்டில் தீர்ந்துவிடும். சூரியனுக்கோ ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டு ஆயுள். எனவே ஒரு திரள் புற ஊதாவில் பளிச்சிட்டால், அங்கே அண்மையில் விண்மீன்கள் பிறந்திருக்கின்றன என்று கொள்ளலாம். இந்த அளவுக்கு முறை உறுதியானது.

சிக்கல், அதையே திரளின் வயதாகச் சொல்லும்போதுதான். திருப்பூர் நெருப்பெரிச்சல் பனியன் கம்பெனியில் லைட் பாக்ஸில் யூவி விளக்கைப் போட்டால், ஒயிட்னர் ஏறிய துணி மட்டும் நீலமாக மின்னும். அது எந்த வருஷம் நிட்டிங் ஓடியது என்று விளக்குக்குத் தெரியாது. திரளிலும் இளசுகளின் வெளிச்சத்தில் கிழடுகள் மறைந்துபோகும். தூசி நீல ஒளியைத் தின்று, இளந்திரளையும் முதியதாகக் காட்டும். தலைகீழாகவும் ஏமாறலாம்: 1968இல் ஏவப்பட்ட ஓஏஓ-2 செயற்கைக்கோள், ஆண்ட்ரோமீடா திரளின் முதிய மையப்பகுதியிலேயே புற ஊதா எழுவதைக் கண்டது. மேலடுக்கை இழந்து உள்சூடு வெளித்தெரியும் கிழ விண்மீன்களே அதற்குக் காரணம் என்பது இன்றைய விளக்கம்.

யூவிட்டின் பெரிய வெற்றியே வயதுக் கணிப்பின் இன்னொரு ஓட்டையைக் காட்டியது. 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஏயூடிஎஃப்எஸ்01 என்ற திரளிலிருந்து கடும் புற ஊதா கசிவதை, புனேயின் ஐயூகா வானியல் மையத்தைச் சேர்ந்த கனக் சாஹா குழு 2020இல் அறிவித்தது. 38 செ.மீ. கண்ணாடிக்கு இது சாதாரணக் காரியமல்ல; ஹப்பிளின் கண்ணாடி 2.4 மீட்டர்! ஆனால் வயதுக் கணக்குப் போடுகிறவர்கள் பலர், இந்தக் கதிரைத் திரளிலுள்ள ஹைட்ரஜன் முழுசாகப் பிடித்துக்கொள்ளும், எதுவும் கசியாது என்றே வைத்துக்கொள்கிறார்கள். கசிந்தால், பிடித்த கதிரால் ஒளிரும் ஹைட்ரஜனின் நிறமாலை வரிகள் மங்கும்; மங்கினால் இளந்திரளும் வயதானதாகத் தோன்றும்.

தூசியையும் கிழடுகளையும் காட்டும் அகச்சிவப்பும் சேராத புற ஊதா வயதை, கடைசிப் பிரசவத்தின் தேதியாக மட்டுமே நான் எடுத்துக்கொள்வேன். யூவிட்டின் அண்மைப் புற ஊதாப் பிரிவு 2018இல் செயலிழந்தது இங்கே பெரிய இழப்பு; சேய்மை, அண்மை என்ற இரண்டு புற ஊதாப் பட்டைகளின் வித்தியாசம்தான் தூசியையும் வயதையும் ஓரளவாவது பிரித்துக் காட்டும். இந்தக் குழப்பங்களைத் தீர்க்க, அடுத்து முன்மொழியப்பட்டுள்ள 'இன்சிஸ்ட்' விண்வெளித் தொலைநோக்கியில், படமெடுப்பதைவிட நிறமாலைக் கருவிக்கே முன்னுரிமை வேண்டும்.