துணிவின் விலை: 'சோட்டஸ் எஸ்' தொடரை முன்வைத்துச் சில குறிப்புகள்

இரு இளைஞர்களுக்கிடையிலான காதலைச் சொல்லும் தாய்லாந்துத் தொலைக்காட்சித் தொடர்கள் பற்றி எம்மவரிடையே இரண்டு அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. இவை எமது பிள்ளைகளைக் கெடுக்க வந்தவை என்பது ஒன்று. இவை பெண்பிள்ளைகள் தொலைபேசியில் பார்த்துப் பொழுதைப் போக்கும் சரக்கு, இவற்றைப் பற்றி ஒரு சஞ்சிகையில் எழுதுவது காகிதத்துக்குக் கேடு என்பது மற்றையது. முதலாவதைச் சொல்பவர்கள் கலாசாரக் காவலர்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள், கவலைக்குரிய வகையில், எமது முற்போக்கு நண்பர்கள். இவர்களில் என்னுடன் பேசியவர்கள் ஒருவரும் ஒரு தொடரையேனும் முழுமையாகப் பார்த்திருக்கவில்லை. கண்டிப்பதற்கும் புறக்கணிப்பதற்கும் கூட ஒரு படைப்பை முதலில் பார்த்தாக வேண்டும்.

நான் பார்த்தது 'சோட்டஸ்' தொடரின் இரண்டாம் பருவமான 'சோட்டஸ் எஸ்'. ஜிஎம்எம் ரிவி நிறுவனம் தயாரித்து, 2017 டிசம்பரில் தொடங்கி 2018இன் முற்பகுதி வரை ஒளிபரப்பாகியது. 13 பாகங்கள். காதல் கதை என்ற பெயரில் வந்த இது ஒரு வேலைத்தலக் கதையும்கூட என்பதும், அதைத் தான் சொல்லிக்கொண்டிருப்பது தொடருக்கே முழுமையாகத் தெரியவில்லை என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பெயர். சோட்டஸ் என்பது ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆனது. மூப்பு, ஒழுங்கு, மரபு, ஒற்றுமை, உணர்வு என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். தாய்லாந்துப் பல்கலைக்கழகங்களில் புதுமுக மாணவர்களை மூத்த மாணவர்கள் வரிசையில் நிறுத்தி, அதட்டி, தண்டித்துப் 'பக்குவப்படுத்தும்' முறைமைக்கு வழங்கும் பெயர் இது. நாம் பகிடிவதை என்று சொல்வதன் சீருடை அணிந்த வடிவம். பேராதனையில் பொறியியல் மாணவன் ஒருவன் 1997இல் பகிடிவதையால் உயிரிழந்ததையும், மறுவருடம் இலங்கையில் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்ததையும் அறிந்த வாசகர்களுக்கு மேலதிக விளக்கம் தேவையில்லை. தாய்லாந்திலும் இது இன்னும் உயிர்களைக் காவுகொள்ளும் விவகாரம். 2022 மார்ச்சில் நாக்கோன் ராட்சசிமாவில் ஒரு மாணவன் இவ்வாறே இறந்தான்.

2016இல் வந்த முதற்பருவம் இந்த முறைமைக்குள்ளே ஒரு காதலை வைத்தது. பிட்டர்சுவீட் என்ற புனைபெயரில் எழுதுபவரின் நாவல் அதன் மூலம். பொறியியல் பீடத்தின் மூன்றாம் வருட மாணவன் ஆர்த்தித், புதுமுகங்களை அதட்டும் குழுவின் தலைவன். அவனை எதிர்த்துக் கேள்வி கேட்கும் புதுமுகம் கொங்போப். எதிர்த்தவனை ஆர்த்தித் மைதானத்தை 54 தடவை சுற்றி ஓட வைக்கிறான். எல்லோர் முன்னிலையிலும் 'எனக்கு ஆண்களைப் பிடிக்கும்' என்று கத்த வைக்கிறான். பதிலுக்குக் கொங்போப், உன்னை என் மனைவியாக்கிக் காட்டுகிறேன் என்கிறான். இரண்டையும் கவனியுங்கள். ஆண்மீதான விருப்பம் இக்கதையில் முதன்முதலாக வாய்விட்டுச் சொல்லப்படுவது ஒரு தண்டனையாக. அதற்கான பதிலடி, எதிராளியைப் பெண்ணின் இடத்துக்கு இறக்கும் மிரட்டலாக. அவமானத்தின் மொழியிலேதான் இந்தக் காதல் பேசத் தொடங்குகிறது.

முதற்பருவம் இதனை அவிழ்க்கவில்லை, இனிப்புப் பூசியது. அதட்டல்களுக்குப் பின்னால் மூத்தவர்களுக்கு நல்ல நோக்கம் இருந்தது என்று கடைசியில் தெரியவருகிறது. வெளியே சிடுசிடுத்த ஆர்த்தித் உள்ளே வெட்கப்படும் பிள்ளை, இளஞ்சிவப்புப் பால் குடிப்பவன். அதிகாரத்தைக் கேள்வி கேட்ட கொங்போப்பே பின்னர் அதே தலைமைப் பதவிக்கு வருகிறான். 2014 மே மாதத்து இராணுவச் சதிப்புரட்சியின் பின், இராணுவ ஆட்சியின் கீழ் ஒளிபரப்பான ஒரு தொடர், கீழ்ப்படிவின் உள்ளே ஓர் அன்பு ஒளிந்திருக்கிறது என்று சொன்னதைத் தற்செயல் என்று நான் ஒதுக்கமாட்டேன். தயாரிப்பாளர்கள் அப்படித் திட்டமிட்டார்கள் என்பதல்ல. காலத்தின் காற்று கதவு திறந்த பக்கமாக உள்ளே வரும்.

இரண்டாம் பருவம் இரண்டு வருடங்கள் கழித்துத் தொடங்குகிறது. ஆர்த்தித் படிப்பை முடித்து ஓசன் எலெக்ட்ரிக் என்ற நிறுவனத்தில் கொள்வனவுப் பிரிவில் புதிய பணியாளன். அதே நிறுவனத்துக்குக் கொங்போப் பயிற்சி மாணவனாக வருகிறான். பல்கலைக்கழகத்தில் அடுத்த வரிசைப் புதுமுகங்களும் அவர்களை அதட்டும் அடுத்த வரிசை மூத்தவர்களும் கிளைக்கதையாகத் தொடர்கிறார்கள். இரு இடங்களையும் மாறிமாறிக் காட்டும் இந்த அமைப்பு தொடரின் மிகச் சிறந்த முடிவு. மைதானத்தில் நூறு பேரை ஒரு சொல்லால் நிமிர்த்தி வைத்தவன், இங்கே படிக்கட்டின் கடைசிப் படியில் நிற்கிறான். மூத்தவருக்கு வணங்கு, கேள்வி கேட்காதே, குழுவைக் காட்டிக்கொடுக்காதே என்ற பாடங்கள் எதற்காகக் கற்பிக்கப்பட்டன என்பது இங்கேதான் துலங்குகிறது. மைதானம் அலுவலகத்துக்கான ஒத்திகை. ஒரு வாக்கியமும் பேசாமல், வெறும் காட்சி மாற்றத்தினால் தொடர் இதை எமக்குச் சொல்லிவிடுகிறது.

ஆனால் மையப் பிரச்சினைக்கு வரும்போது அது பின்வாங்குகிறது. உறவு அலுவலகத்தில் தெரியக்கூடாது என்கிறான் ஆர்த்தித். மறைக்க என்ன இருக்கிறது என்பது கொங்போப்பின் நிலை. வதந்தி கிளம்புகிறது, மறுப்பு, மனத்தாங்கல், பின்னர் ஆர்த்தித்தின் பகிரங்க ஒப்புதல். இதனைத் தொடர் இருவரின் சுபாவ வேறுபாடாகவே காட்டுகிறது. ஒருவன் துணிந்தவன், மற்றவன் கூச்சக்காரன். காதல் முற்றினால் கூச்சம் தெளியும். பார்வையாளரும் கொங்போப்பின் பக்கம் நின்று ஆர்த்தித்துக்குத் துணிவு வரும் நாளை எதிர்பார்த்திருக்கிறார்கள்.

கொங்போப் யார்? ஒரு நிறுவன உரிமையாளரின் மகன். பயிற்சிக்காலம் முடிந்தால் அவன் போய்விடுவான். ஓசன் எலெக்ட்ரிக்கில் யார் என்ன பேசினாலும் அவனது சோற்றுக்கு அதனால் கேடில்லை. ஆர்த்தித்துக்கோ அது சம்பளம், முதல் வேலை, நாளைக்கும் போய் உட்கார வேண்டிய கதிரை. துணிவு என்று தொடர் எதைப் போற்றுகிறதோ அது இருவருக்கும் ஒரே விலையில் விற்கப்படவில்லை. ஒருவனுக்கு அது இலவசம். மற்றவன் அதற்குத் தன் வேலையை ஈடு வைக்க வேண்டும். ஆர்த்தித்திடம் இருப்பது கூச்சமல்ல, கணக்கு. இந்த வர்க்க வேறுபாட்டைத் தொடர் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறது. எழுதியதைத் தானே வாசிக்கவில்லை.

விரிவுரை மண்டபத்திலிருந்து தொழிற்சாலைக்கு வந்தவன் என்ற வகையில் இதனை நான் வெறும் தத்துவமாகச் சொல்லவில்லை. எமது பகுதியில் தற்காலிக ஒப்பந்தத்தில் வரும் இளைஞர்கள் தேநீர் இடைவேளையில் வார இறுதி பற்றிப் பேசுவதில்லை. நிரந்தரமானவர்கள் மனைவி, பிள்ளைகள், விவாகரத்து என எல்லாவற்றையும் பேசுவார்கள். நிரந்தரம் கிடைத்த மறுமாதம் அதே இளைஞர்களின் வாய் திறப்பதையும் கண்டிருக்கிறேன். கூச்சம் சுபாவம் என்றால் அது ஒப்பந்தக் கடதாசியைப் பார்த்தா மாறும்?

தாய்லாந்திலும் நிலைமை இதற்குத் தூரமல்ல. அங்கே 1998ஆம் ஆண்டுத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பணிநீக்க இழப்பீட்டுக்கான உரிமை 120 நாள் வேலையுடன் தொடங்குகிறது. அதனால் பல நிறுவனங்கள் 119 நாட்களையே பரீட்சைக் காலமாக வைத்திருக்கின்றன. பால்நிலை காரணமான பாரபட்சத்தைத் தடைசெய்யும் பால்நிலைச் சமத்துவச் சட்டமும் 2015இலேயே வந்துவிட்டது. அதாவது, ஆர்த்தித்தின் பயத்துக்கு உண்மையான காரணங்களும், அதற்கு எதிராகப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பும், தொடர் ஒளிபரப்பான நாட்டில் இருந்தன. கதை இரண்டின் பக்கமும் போகவில்லை. பதிலாக, ஒப்புதலின் பின் சக ஊழியர்களின் நல்ல மனது எல்லாவற்றையும் சமன் செய்கிறது. முதற்பருவத்தில் நல்ல மூத்தவர்கள், இரண்டாம் பருவத்தில் நல்ல சகாக்கள். மேலுள்ளவர் நல்லவராக இருந்தால் படிக்கட்டு இருப்பதில் குற்றமில்லை என்ற அதே கருத்தியல்.

ஓர் இலகுவான காதல் தொடரிடம் தொழிற்சட்டம் கேட்பது அநியாயம் என்று சில நண்பர்கள் சொல்லக்கூடும். காதலரைக் கடற்கரையிலும் பூந்தோட்டத்திலும் வைத்துக் கதை சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கமாட்டேன். காதலைக் கொண்டுபோய்க் கொள்வனவுப் பிரிவில் இருத்தியது தொடரே. அங்கே இருத்தியவர்கள் அங்கேயுள்ள கேள்விகளுக்கும் முகம்கொடுக்க வேண்டும்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். தாய் மொழியில் மூத்தவரை 'பி' என்றும் இளையவரை 'நோங்' என்றும் அழைப்பார்கள். எமது அண்ணை, தம்பி போன்றவை. காதலரான பின்னரும் கொங்போப்புக்கு ஆர்த்தித், 'பி' ஆர்த்தித்தான். வயதுப் படிநிலையைச் சுமந்த சொல்லே கொஞ்சலாகவும் மாறுகிறது. 'அத்தான்' என்ற சொல்லில் உறவுமுறையையும் காதலையும் ஒன்றாகக் கேட்டுப் பழகிய எமக்கு இதன் இனிமையும் புரியும், இதன் பொறியும் புரியும். அலுவலகத்தில் 'பி' என்று அழைப்பது மிகச் சாதாரணம். ஆகவே இருவரும் பிறர் காதுக்கு மரியாதையாகவும் தமக்குள் அன்பாகவும் ஒரே சொல்லைப் பாவிக்க முடிகிறது. மறைவு வாழ்க்கைக்கு மொழி கொடுக்கும் சிறு கூடாரம் அது. இத்தொடரில் எனக்கு மிகவும் பிடித்த அம்சமும் இதுவே.

நியாயமாகப் பாராட்ட வேண்டியவை வேறும் உண்டு. இத்தொடரில் தன்பாலினக் காதலுக்குத் தண்டனையாக எவரும் சாகவில்லை, எவருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. நீண்டகாலமாகத் தாய்லாந்துத் திரையில் ஆணை நேசிக்கும் ஆணுக்குக் கிடைத்த வேடம் கோமாளி வேடம். அந்த இடத்தில், களைத்து வந்து யாருடைய அறையில் சாப்பிடுவது என்று யோசிக்கும் இருவரை வைத்தது சிறிய காரியமல்ல. ஆர்த்தித்தாக நடிக்கும் பெராவத் சங்பொதிரத் பல இடங்களில் வசனத்தைவிட மௌனத்தால் நடிக்கிறார். பிரச்சயா ருவாங்ரோஜின் கொங்போப் அளவுக்கு மிஞ்சிய நல்லவனாக எழுதப்பட்டிருப்பது நடிகரின் குற்றமல்ல. இறுதியில் அவன் மேற்படிப்புக்குச் சீனாவுக்குப் போக, பிரிவு என்ற பழைய உத்தி கதையை அலுவலகத்திலிருந்து மீட்டு மீண்டும் காதலுக்குள் பத்திரமாக வைத்துவிடுகிறது.

இவ்வகைத் தொடர்களின் இரண்டாம் பருவங்கள் அனைத்துக்கும் இந்த இடர் உண்டு. காதல் சொல்லப்பட்டுவிட்டது, இனி என்ன? 2021இல் வந்த 'ஐ ப்ராமிஸ்ட் யூ த மூன்', புக்கெற்றில் தொடங்கிய ஒரு காதலைப் பாங்கொக்குக்குக் கொண்டுபோய், சலனத்தையும் துரோகத்தையும் நேராகப் பார்த்தது. கலை என்ற வகையில் அது இதைவிட உயர்ந்தது. ஆனால் அங்கே காதலரின் எதிரி அவர்களது மனம். சோட்டஸ் எஸ்ஸில் எதிரி வெளியே, சம்பளப் பட்டியலில் இருக்கிறான். ஆகவே குறைபாடுகளோடும் இதுவே அதிக விவாதத்துக்குரியது.

2024இல் தாய்லாந்தில் திருமணச் சமத்துவச் சட்டம் நிறைவேறியது. 2025 ஜனவரி 23 முதல் ஆர்த்தித்தும் கொங்போப்பும் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்யலாம். தென்கிழக்காசியாவில் இது முதல் தடவை. இந்தத் தொடர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறையின் பங்கும் அதில் உண்டு என நம்புகிறேன். ஆனால் சனிக்கிழமை கைச்சாத்திட்டவன் திங்கட்கிழமை தன் மேற்பார்வையாளரிடம் திருமண விடுமுறை கேட்க வேண்டும். சட்டம் பதிவு அலுவலகத்தின் கதவைத் திறந்துவிட்டது. வேலைத்தலத்தின் கதவு வேறு பூட்டு.

எமது வீடுகளிலும் இதே கணக்கைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குப் படிப்புச் செலவும் தங்குமிடமும் பெற்றோர் கையில் இருக்கின்றன. துணிவில்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்வதற்கு முன்னர், அவர்கள் துணிந்தால் அதன் விலையைக் கட்டப்போவது யார் என்று கேட்கப் பழகுவோம். முற்போக்கு நண்பர்கள் பதில் எழுதுவதாயின், தயவுசெய்து தொடரைப் பார்த்துவிட்டு எழுதவும்.