தோட்டம் கலைந்தபின் வட்டாரச் செய்தி: மலாக்காவை முன்வைத்து ஒரு நோக்கு

மலேசியத் தமிழ் இதழியலின் தேய்வைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு காரணங்களையே முன்வைப்பர். இளையோர் தமிழ் படிப்பதில்லை என்பது ஒன்று. இணையம் அச்சேட்டை விழுங்கிவிட்டது என்பது மற்றொன்று. 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019இன் தொடக்கத்தில் நின்றதற்கும் இவையே காரணமாகக் காட்டப்படுகின்றன. மலாக்கா மாநிலத்தை முன்வைத்து நோக்கினால் இவ்விளக்கம் போதாமை புலப்படும். அங்கு ஏடு நிற்பதற்கு நெடுங்காலம் முன்பே வட்டாரச் செய்தி நலிந்துவிட்டது.

மலாக்காத் தமிழர் படித்த நாளேடுகள் வெளியூரில் அச்சானவை. கோலாலம்பூரிலிருந்து ‘தமிழ் நேசன்’ வந்தது, கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ சிங்கப்பூரிலிருந்து வந்தது. இவற்றை உள்ளூர் ஏடுகளாக்கியவர்கள் பகுதிநேர நிருபர்களே. தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தோட்டக் கிராணி, தொழிற்சங்கக் கிளைச் செயலாளர், கோயில் நிர்வாகி போன்றோர் இப்பணியைச் செய்தனர். ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, சங்கக் கூட்டம், மரணம் ஆகியன அவர்கள் கைவழியே அச்சேறின. தோட்டத்திற்கு வந்த ஒரு பிரதி பல கைகள் மாறியது; எழுத்தறியாதோர் பிறர் படிக்கக் கேட்டனர். ஆதலின் விற்பனை எண்ணிக்கையைக் கொண்டு அக்கால வாசகரை அளவிட இயலாது. எழுத்தாளர்களும் இவ்வேடுகளின்வழி உருவாயினர். ‘தமிழ் நேசன்’ 1950களின் தொடக்கத்தில் நடத்திய கதை வகுப்பும், ‘தமிழ் முரசு’வின் மாணவர் மணிமன்றமும், 1972இல் முருகு சுப்பிரமணியன் தொடங்கிய பவுன் பரிசுத் திட்டமும் புதியவர்களை எழுத அழைத்தன.

1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் இவ்வமைப்பின் முதல் உடைவாகும். அதை எதிர்கொள்ளவே துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பின்னர் ரப்பர் செம்பனைக்கு இடம்விட்டது. வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் தோட்ட நிலங்கள் சென்றன. குடும்பங்கள் தாமான்களில் சிதறின. கிராணியின் வேலையோடு நிருபரும் மறைந்தார். கூடிப் படித்த இடம் மறைந்தபோது, செய்திக்குரிய ஊரே மறைந்தது.

எனினும் பழியனைத்தையும் சூழலின்மேல் சுமத்துவது நேர்மையாகாது. ம.இ.கா.வின் உட்கட்சிப் பூசல்களில் நாளேடுகள் அணிபிரிந்து நின்றதை 1980களின் வாசகர் அறிவர். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி, 2012இன் திருத்தம் வரை உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்ததும் ஆசிரியர்களின் துணிவைக் குறைத்தது எனலாம். விளைவாக, வட்டாரப் பக்கத்தில் மாலையும் பொன்னாடையும் காசோலையும் நிறைந்தன. வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் இழப்பீடு, இடம்மாறும் தமிழ்ப்பள்ளியின் நிலப்பட்டா ஆகியவை மாதக்கணக்கில் தொடரப்பட வேண்டிய செய்திகள்; அவை பெரும்பாலும் ஒருநாள் அறிக்கையாகவே முடிந்தன. தன் சிக்கலை ஏட்டில் காணாத வாசகர் ஏட்டை விட்டு விலகியதில் வியப்பில்லை.

இவ்விழப்பின் பொருளை உணர மலாக்காவிலேயே ஒரு சான்று உண்டு. மலாக்காச் செட்டிகள் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தை இன்றும் போற்றி வருகின்றனர். அவர்களின் வீட்டுமொழியோ மலாய். அவர்தம் வரலாறு வேறு. குறைகூறுவது நம் நோக்கமன்று. வழிபாடு நிலைத்தும் மொழி நிலைக்காது போகலாம் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம். கூலி, நிலம், சாலை, மருத்துவமனை குறித்து வாதிடும் மொழியாகத் தமிழ் இருக்க வேண்டுமாயின், அவ்வாதத்திற்கு ஒரு பொதுவிடம் வேண்டும். வட்டாரச் செய்தி அவ்விடத்தைத் தந்தது.

இன்று புலனக் குழுக்கள் துக்கச் செய்தியை நாளேட்டினும் விரைவாகச் சேர்க்கின்றன. ஆயின் அங்குச் சரிபார்ப்பவர் இல்லை. பின்வருவோர்க்கு ஆவணமும் எஞ்சுவதில்லை. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் மின்னாக்கிய ‘தமிழ் முரசு’ இதழ்களை எவரும் தேடிப் படிக்கலாம். ‘தமிழ் நேசன்’ இதழ்களுக்கும் அத்தகைய முழுமையான ஏற்பாடு தேவை. வருங்கால மலாக்காச் செய்தியேடு நான்கு பக்க மாத வெளியீடாகவோ மின்னிதழாகவோ அமையலாம். பொறுப்பேற்கும் ஓர் ஆசிரியர், ஊர்தோறும் ஒரு நிருபர், நூலகத்தில் சேரும் ஒரு பிரதி ஆகிய மூன்றும் அதற்கு இன்றியமையாதவை. இம்மூன்றுக்கும் பெருமுதல் வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளிகளும் பொது இயக்கங்களும் கைகோத்தால் போதும்.